மூளை, மனம் பற்றி நிபுணரோடு பேச எது நல்ல வழி? வன்னி ஊர்களுக்கு ஓர் ஒப்பீடு

எங்கள் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார்கள். மூளை வருத்தங்கள் பற்றியும் மனநலம் பற்றியும் விஷயம் தெரிந்தவர்களோடு ஊர்ச்சனம் நேரே பேசுவதற்கு அதைச் செலவழிப்பது என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப் பேசுவது என்பதில்தான் இழுபறி. மண்டபம் பிடித்து, யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெரிய டொக்டர் ஒருவரை அழைத்து ஊரையே கூட்டுவோம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ் பேசும் ஆய்வாளர்கள் இருக்கும்போது மண்டபச் செலவு எதற்கு, சூமில் பேசுவோம் என்கிறார்கள் பெடியள். ஊருக்கு வரும் மருத்துவமாது அக்கா மூன்றாவது யோசனை ஒன்றைச் சொன்னார்: எங்கள் மாவட்டக் கிளினிக்கில் வேலை செய்கிறவர்களையே மாதம் ஒருமுறை கூப்பிட்டு, பதினைந்து பேருக்கு மேற்படாமல் ஒரு வட்டமாக இருந்து பேசுவது. கேள்விகளைச் சேர்த்து அனுப்பிப் பதிலைக் குரல்பதிவாக வட்ஸ்அப்பில் வாங்குவது நாலாவது.

விசுவமடு, தர்மபுரம், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்துச் சங்கங்களிலும் இதே பேச்சு வந்துபோகிறது. அதனால் நாலையும் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். என் பக்கம் எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர், பதில் சொன்னவரை அல்லது அவர் இடத்தில் நின்று பொறுப்பெடுக்கக்கூடிய ஒருவரை, அடுத்த மாதமும் காண முடிய வேண்டும். எந்த வழியில் அது நடக்குமோ அந்த வழிக்கே காசின் பெரும்பகுதி போக வேண்டும். மற்ற வழிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான விஷயம் வேறு.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், சனம் என்ன கேட்க விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். வாசிகசாலை மேசையில் ஒரு பெட்டி வைத்துப் பெயர் எழுதாத துண்டுகள் சேர்த்தோம். வந்தவற்றில் சில: 'தலைக்குள் செல் துண்டு (குண்டுச் சிதறல்) இருக்கிறது, டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுக்கலாமா?' 'வலிப்புக்குக் குளிசை போடுகிறேன், பிள்ளை பெறலாமா?' 'அப்பா வயலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார்.' 'தாய்க்கு இருந்த வருத்தம் மகளுக்கு வருமா? கல்யாணப் பேச்சில் கேட்கிறார்கள்.' 'மகனை ஆமியின் கையில் ஒப்படைத்தேன், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை, எனக்கு இரவு நித்திரை இல்லை.' 'ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கும் பிள்ளையை எங்கே கொண்டுபோவது?'

முதல் நாலும் தகவல் கேட்கின்றன. நல்ல பதில் ஒன்று கிடைத்தால் பாதிப் பாரம் இறங்கும். கடைசி இரண்டும் தகவலால் தீராதவை. அவற்றைக் கேட்டவருக்குப் பேசிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

மண்டபக் கூட்டம்

வலிப்பு வருத்தத்துக்கு மண்டபம்தான் சரியான இடம். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதமானோர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் சொல்கிறது. அந்த மருந்து எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் இலவசம். அப்படியிருந்தும் வலிப்பு வந்தவரின் கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, நாலு பேர் சேர்ந்து அமத்திப் பிடிப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது. அமத்திப் பிடிக்கக் கூடாது. தலை அடிபடாமல் கீழே மெதுவாக ஏதாவது வைத்து, ஆளை ஒரு பக்கமாகச் சரித்துவிட்டு, நேரம் பார்க்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது தெளியாமலே அடுத்த வலிப்பு வந்தால், உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான். ஆனால் இது வருத்தக்காரரின் வீட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வலிப்பு பஸ்ஸில் வரும், வகுப்பறையில் வரும், கிணற்றடியில் வரும். ஆகவே ஆசிரியர், நடத்துநர், கடைக்காரர், பூசாரி, பாதிரியார் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கேட்க வேண்டும். அதற்கு மண்டபத்தை விட நல்ல வழி இல்லை. ஒருவரைப் படுக்கவைத்துச் செய்து காட்டவும் முடியும்.

பூச்சிமருந்து பற்றிப் பேசவும் மண்டபம் ஏற்றது, கமக்காரர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டால். மனநல ஆய்வு என்றவுடன் மூளைப் படமும் புதுக் குளிசையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நாட்டில் அதிக உயிர்களைக் காப்பாற்றிய ஆய்வு வயலோடு சம்பந்தப்பட்டது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று, ஒரு லட்சம் பேருக்கு 47. எந்த நஞ்சு எத்தனை பேரைக் கொல்கிறது என்று ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்து, மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதன்பின் 20 வருடத்தில் வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் தப்பிய உயிர்கள் 93,000 அளவில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் அதனால் விழவில்லை. அதே காலத்தில் இன்னொரு யோசனையும் பரிசோதிக்கப்பட்டது, பூச்சிமருந்தை வைத்துப் பூட்ட வீட்டுக்கொரு பெட்டி கொடுப்பது. அனுராதபுரத்தில் 180 கிராமங்களில், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தபோது பெட்டியால் எந்தக் குறைவும் ஏற்படவில்லை என்று தெரிந்தது. கேட்கும்போது இரண்டுமே நல்ல யோசனையாகத்தான் படும். ஒன்று உயிர் காத்தது, மற்றது காக்கவில்லை. ஆய்வு எதற்கு என்று கேட்கும் ஊர்ப் பெரியவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நெல்லும் பயறும் விதைக்கிற சனம் இதைத் தங்கள் சொந்தக் கதையாகவே கேட்கும்.

சரி, மண்டபம் எங்கே தவறிப்போகிறது? துக்கத்தில்தான். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு இந்த மண்ணில் எத்தனையோ பேர் வந்து மைக்கை நீட்டி, 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் அம்மா' என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சொன்ன அம்மா அன்றிரவு எப்படி இருந்தார் என்று பார்க்க ஒருவரும் திரும்பி வரவில்லை. இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. நான் உணர்ச்சிவசப்பட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. பேரனர்த்தத்துக்குப் பிறகு ஆட்களை ஒரே ஒரு தடவை உட்கார்த்தி நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் முறை ஒருகாலம் உலகெங்கும் பரவியிருந்தது. அதைப் பல ஆய்வுகள் பரிசோதித்தன. பின்னால் வரும் மன உபாதையை அது தடுக்கவில்லை, சிலருக்கு இன்னும் மோசமாக்கியிருக்கலாம் என்று கண்டதால் உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆகவே மண்டபத்தில் யார் பேசினாலும், எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும், சனத்தை எழுப்பிக் கதை சொல்லவைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் கூட்டமே வேண்டாம். அந்த மாதம் இங்கே எல்லார் மனமும் வேறெங்கோ இருக்கும்.

இன்னொரு சிக்கல் எல்லாருக்கும் தெரிந்ததே. மைக் பிடிக்கிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை என்று நேரம் போய், கேள்விக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பெண்ணும் எழுந்து நின்று கர்ப்பத்தையும் வலிப்புக் குளிசையையும் பற்றிக் கேட்க மாட்டாள். ஆனால் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது. வல்புறோயேற் என்ற வலிப்பு மருந்து கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்தினால் வலிப்பு கூடித் தாய்க்கே ஆபத்து. கருத்தரிக்க நினைக்கும்போதே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும்.

சூம் திரை

பெடியள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நிபுணர்களில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. சூமில் தமிழிலேயே கேட்கலாம். சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயைப் பற்றி நாற்பது வருடமாகத் தமிழ்ச் சூழலிலேயே ஆய்வு செய்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு வாகனத்தை அனுப்பி, அதற்குள் இருக்கும் திரை வழியாகவே டொக்டரைப் பார்க்கவைத்து, மருந்தையும் அங்கேயே கொடுத்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. திரை வழி வைத்தியம் கிராமத்தில் எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று அவர்களிடம் கேட்டறிய நிறைய இருக்கிறது.

கல்யாணப் பேச்சுக் கேள்வியும் திரைக்கு ஏற்றது. மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு அளவில் வருகிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பத்தில் ஒன்று அளவில் வாய்ப்பு. அதாவது அப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மரபணு ஆய்வில் இருக்கிற ஒருவர் இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினால், எத்தனையோ பிள்ளைகளின் கல்யாணம் வீண் பயத்தால் குழம்பாமல் இருக்கும். இந்தத் துறையின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்தது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாங்கள் கேட்க வேண்டும்.

ஆனால் செல் துண்டுக் கேள்வியைப் பாருங்கள். வெளிநாட்டு நரம்பியல் ஆய்வாளர் ஒருவரால் மிகப் பெறுமதியான ஒரு தகவலைச் சொல்ல முடியும். வியட்நாம் போரில் தலையில் துளைகாயம் பட்ட 421 அமெரிக்கச் சிப்பாய்களை 15 வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது 53 வீதமானவர்களுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த ஆட்களையே இன்னும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சிலருக்கு முதல் வலிப்பே காயம்பட்டு 14 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. 2009இலிருந்து எண்ணிப் பாருங்கள். அன்று பத்து வயதில் தலையில் காயம்பட்ட பிள்ளை இன்று மோட்டார் சைக்கிள் ஓடுகிறது, குளத்தில் வலை வீசுகிறது. திடீரென்று வலிப்பு வந்தால், அது பேயோ செய்வினையோ என்று அலையாமல் பழைய காயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டிய ஆய்வு முடிவு.

அதே ஆய்வாளர், 'ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்களேன்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடக்கூடும். அவர் இருக்கும் நாட்டில் உடம்பில் இரும்புத் துண்டோடு திரிகிறவர்கள் அபூர்வம். எம்.ஆர்.ஐ. மிகப் பலமான காந்தத்தால் இயங்குவது. உடம்பில் இருக்கும் இரும்பை அது அசைக்கலாம், சூடாக்கலாம். மூளைக்கோ கண்ணுக்கோ பக்கத்தில் துண்டு இருந்தால் ஆபத்து பெரிது. இயந்திரத்துக்குள் போகுமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், சிறு வயதில் பட்ட காயமாக இருந்தாலும். சி.ரி. ஸ்கானில் காந்தம் இல்லை, அதனால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். வன்னியில் வேலை செய்த டொக்டர் இதைக் கேட்காமலே விசாரிப்பார். ஒரே கேள்விக்குப் பாதிப் பதில் தூரத்தில் இருக்கிறது, பாதி இங்கே இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பேசவைத்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

எண்களிலும் இப்படி ஒரு கவனம் வேண்டும். திரையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். போருக்குப் பிந்திய மன வடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22, பதகளிப்பு (மனப்பதற்றம்) 33 என்பது அதன் கணக்கு. நல்ல ஆய்வு. எல்லாருக்கும் மனம் சிதைந்துவிட்டது என்று மேடைகளில் அள்ளிவிடுவதற்கு அது ஒரு மறுப்பும்கூட. ஆனால் அது 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்தது. வன்னிச் சனத்தில் பெரும்பகுதி அந்நேரம் செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தது. அந்த ஆய்விலேயே, எடுத்த நேரத்தில் இடம்பெயர்ந்திருந்தவர்களில் மன வடு நோய் 13 வீதம், மனச்சோர்வு 41 வீதத்துக்கு மேல். வன்னியைப் பற்றிப் பேசுகிறவர் எந்த எண்ணைச் சொல்கிறார், எங்கே எடுத்தது என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வர வேண்டும். வன்னியில் பட்ட அடியை ஆள் ஆளாக அளந்து முடியாது, குடும்பம், அயல், ஊர் என்று கூட்டாகப் பட்ட அடி அது என்று மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதியதையும் அந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நடைமுறைச் சங்கடங்கள்: ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். அவர்களுடைய சனிக்கிழமை காலை எங்களுக்கு மாலை மங்கிய நேரம், அதற்குள் பெண்கள் வீடு திரும்ப வேண்டும். சிக்னல் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதற்கு எந்த டேற்றா காட்டும் உதவாது. திரை அணைந்த பிறகு அந்த டொக்டர் எங்களுக்கு யாரும் இல்லை. அவர் சொன்ன மருந்து இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறதோ தெரியாது, அவரால் துண்டு எழுதித் தரவும் முடியாது.

கிளினிக் ஆட்களோடு சின்ன வட்டம்

2005இல் இலங்கை அரசு ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, வைத்தியத்தைக் கொழும்புக்குப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் குவித்து வைக்காமல் மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. சுனாமி வந்து ஒரு வருடத்துக்குள் நடந்த விஷயம் இது. அதன் பயனாகத்தான் மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு, அதற்கென ஒரு வைத்திய அதிகாரி, பிரதேச ஆஸ்பத்திரிகளில் குறித்த நாளில் வெளிக் கிளினிக், வீடு வீடாகப் போகும் உளசமூகப் பணியாளர் என்றெல்லாம் வந்தது. எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு இவர்களை ஒருவரும் நிபுணர் என்று அழைப்பதில்லை, மாலை போடுவதும் இல்லை. ஆனால் யாருடைய வீட்டில் யார் மாத ஊசிக்கு வராமல் விட்டார், எந்த அம்மா கிளினிக் கொப்பியை ஒளித்து வைத்திருக்கிறார், எந்த ஊரில் கடன் வசூலிக்க வருகிறவர்களால் பெண்கள் நித்திரை இழக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இவர்கள்தான். எனக்கு அது பெரிய நிபுணத்துவமாகத் தெரிகிறது.

பேசிப் பழகுவதால் பலன் வருமா என்ற கேள்விக்கும் எங்கள் கரையிலேயே ஒரு சான்று உண்டு. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தங்கள் கதையை முறைப்படி, பயிற்றப்பட்டவரோடு, கட்டங் கட்டமாகச் சொல்லும் முறை. மற்றதற்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியில் 81 வீதம், இரண்டாவதில் 71 வீதமான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியானது. கொஞ்சப் பிள்ளைகள்தான், அதனால் எந்த முறை மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள் என்பது. மாறாக, 2012இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலைகளில் வகுப்பாக நடத்திய ஒரு மனநலத் திட்டத்தைப் பார்த்தது. பலன் கலவையாக இருந்தது. திட்டத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகளில் வடு அறிகுறி குறைந்த அளவு, சேராத பெண் பிள்ளைகளில் குறைந்ததை விடக் குறைவு. நல்ல மனதோடு செய்வதெல்லாம் நல்லதாகவே முடிவதில்லை. எங்கள் வட்டத்தையும் ஆறு மாதத்துக்கொருமுறை நிறுத்தி, வருகிறவர்களிடமே கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு வட்டத்தைத் தவிர வேறு எந்த வழியும் பொருந்தாது. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பை 1970களிலிருந்து ஆய்வு செய்தவர் போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர். இப்படிப்பட்ட துக்கத்தை முடித்துவை, மறந்துவிடு என்று நெருக்குவது பிழை என்கிறார் அவர். இரண்டு எண்ணத்தையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழ ஆட்களோடு சேர்ந்திருப்பதுதான் உதவும் என்பது அவருடைய முடிவு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்கிய அம்மாமார் கொட்டகைக்குள் ஒருவருக்கொருவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். உண்மையைக் கேட்கும் அவர்களுடைய நியாயத்தை எந்த உளவளத்துணையும் ஈடு செய்யாது. வட்டத்தில் வந்து பேசுகிற டொக்டரும் இதை ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். அந்த அம்மாவின் நித்திரையின்மையை வெறும் வருத்தமாக மட்டும் பார்க்கிறவர் எங்களுக்கு உதவமாட்டார்.

வட்டத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, இடமாற்றம். சனம் ஒருவரை நம்பத் தொடங்கும்போது அவருக்கு மாற்றம் வரும். அதனால் ஒரு டொக்டரை மட்டும் நம்பாமல், உளசமூகப் பணியாளர் ஒருவரையும் எங்கள் மருத்துவமாதுவையும் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, வேலைப்பளு. கிளினிக் நாளில் அவர்களுக்குச் சாப்பிட நேரம் கிடைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை வா என்று கேட்பது நியாயமில்லை. போக்குவரத்துச் செலவையும் அவர்களுடைய நேரத்துக்குரிய கொடுப்பனவையும் எங்கள் காசிலிருந்து மரியாதையாகக் கொடுக்க வேண்டும், அவர்களுடைய திணைக்கள அனுமதியோடு. மூன்றாவதுதான் கடினமானது: சின்ன ஊரில் ரகசியம் நிற்காது. வட்டத்துக்கு யார் போனார் என்பதே கதையாகிவிடும். இதற்கு மருத்துவமாது அக்கா சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்து ஊரோடு சேர்ந்து செய்வோம், எங்கள் ஆட்கள் அங்கே போகட்டும், அவர்களுடையவர்கள் இங்கே வரட்டும். வட்டத்துக்கு மனநலம் என்று பெயர் வைக்காமல் சுகாதாரப் பேச்சு என்றே சொல்லலாம். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பவர் வேறு ஊராராக இருக்க வேண்டும்.

மறதி வந்த அப்பாவுக்கும் வட்டம்தான் நல்லது. மறதி என்றால் உடனே முதுமை மறதி என்று முடிவுகட்டக் கூடாது. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் அப்படித் தோற்றம் காட்டும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆளைப் பார்த்து, இரத்தம் சோதித்து, மகளிடம் விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

குரல்பதிவு

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. மலிவு, கடலுக்குப் போகிறவரும் கேட்கலாம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் காதுக்குள் வைத்துக் கேட்கலாம். வட்டத்துக்கு வர வெட்கப்படுகிறவரை மெல்ல வரவழைக்க இது உதவும். ஆனால் பதிவு தனியே சுற்றத் தொடங்கினால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாமல் போய்விடும். சொல்கிறவரின் பெயர், பதவி, திகதி பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும், மருந்தின் அளவு ஒருபோதும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் 1926 என்ற இலக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை அது, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

இதோடு இன்னொரு விஷயம். எங்களோடு பேச விரும்பும் நிபுணர்களில் சிலர் ஆய்வுக்குத் தரவு எடுக்கவும் வருவார்கள். வரட்டும். ஆனால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும், சம்மதப் படிவம் விளங்கும் தமிழில் இருக்க வேண்டும், மாட்டேன் என்று சொன்னவருக்கு எந்த உதவியும் குறையக் கூடாது, முடிவு வந்ததும் அதே வாசிகசாலைக்கு வந்து சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையை எழுத்தில் வாங்க வேண்டும். இந்த மண்ணில் கேள்விக்கொத்து நிரப்பிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் பதில் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே நிர்வாகத்துக்கு நான் வைக்கும் யோசனை இது. காசில் பெரும்பகுதி மாத வட்டத்துக்கு. வருடத்தில் ஒரே ஒரு மண்டபக் கூட்டம், வலிப்புக்கு, செய்து காட்டலோடு, பொன்னாடை இல்லாமல். பெரும்போக அறுவடை முடிந்து கையாறிய நேரத்தில் வைத்தால் கமக்காரரும் வருவார்கள், அதே மேடையில் பூச்சிமருந்துத் தடையின் கதையையும் ஒருவர் சொல்லலாம். சூம் வருடத்துக்கு இரண்டு தடவை, தனி நிகழ்ச்சியாக இல்லாமல் வட்டத்துக்குள்ளேயே. கேள்விகள் முன்கூட்டி எழுத்தில் போக வேண்டும், எங்கள் கிளினிக் டொக்டர் பக்கத்தில் இருந்து, சொல்லப்படும் மருந்தோ பரிசோதனையோ இங்கே எங்கே கிடைக்கும் என்று அங்கேயே சொல்ல வேண்டும். குரல்பதிவு இவற்றின் பின்னால் தானாக வரும், அதற்குத் தனிக் காசு வேண்டாம்.

பெரிய பெயருள்ள ஒருவரை அழைத்தால்தான் காசு அனுப்பியவர்களுக்குப் படம் போடலாம் என்று ஒருவர் சொன்னார். காசு அனுப்பியவர்களில் பலருடைய தாயும் சகோதரமும் இங்கேதான் இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகாமல் விட்ட எத்தனை பேர் இந்த வருடம் திரும்பப் போகத் தொடங்கினார்கள் என்று பெயர் இல்லாமல் ஒரு கணக்கு எழுதி அனுப்புவோம். அதை வாசிக்க அவர்களுக்கு விருப்பம் இருக்கும் என்றே நம்புகிறேன்.

முதல் வட்டத்துக்கு எடுக்க வேண்டியது தலைக்காயமும் வலிப்பும். துண்டுகளில் அதிகம் வந்ததும் அதுதான், பேச ஆட்கள் வெட்கப்படாததும் அதுதான். வருகிறவர்கள் கிளினிக் கொப்பி, பழைய ஸ்கான் படங்கள், போடுகிற குளிசையின் மட்டை மூன்றையும் கொண்டுவர வேண்டும். வலிப்பு வருவதைக் கண்ணால் கண்ட ஒருவரையும் கூட்டிவந்தால் நல்லது, வலிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் அது நினைவில் இருக்காது. முடியுமானால் அதைப் போனில் எடுத்து வைத்திருக்கலாம். எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று பார்த்தாலே டொக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.